தலைகீழாகத் திருப்பிய பயணத் திட்டம்: ஒரு தாய்லாந்து மரபுச் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ தாய்லாந்துக்குப் போகும் பேக்கேஜ் டூர் தாள் எதை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பட்டாயா, பவளத் தீவு, இரவில் ஒரு ஷோ. அடுத்து பாங்காக், சஃபாரி பூங்கா, மால். நடுவே எங்காவது 'ஹாஃப் டே சிட்டி அண்ட் டெம்பிள் டூர்' என்று ஒரு வரி. அந்த அரை நாளில் இரண்டு கோயில்கள் (அங்கே 'வாட்' என்றால் கோயில்): வாட் திரைமித்தில் இருக்கும் தங்க புத்தர், சலவைக்கல் கோயில் என்று பெயர் வாங்கிய வாட் பெஞ்சமபோபித். கோயிலுக்கு இருபது நிமிடம், கடைசியில் இறக்கிவிடும் ரத்தினக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். தாய்லாந்தின் பண்பாட்டைப் பார்த்துவிட்டோம் என்ற கணக்கு அத்துடன் முடிந்துவிடும்.

அந்த இரண்டு கோயில்களையும் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் அவற்றின் கதை தொடங்குவது பாங்காக்கில் அல்ல. அந்தக் கதை தெரியாதவருக்கு அங்கே கிடைப்பது ஒரு பெரிய தங்கச் சிலையும் ஒரு வெள்ளைக் கட்டடமும்தான். இந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட குழு தன் பயணத் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, வடக்கே சுகோதாயில் தொடங்கி, அயுத்தயா வழியாகப் பாங்காக்கில் முடித்துக்கொண்டது. கோயில்களின் எண்ணிக்கையும் கூடியதுதான். ஆனால் பெரிய மாற்றம் பார்த்த வரிசையில்தான். அந்த ஒரு மாற்றம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதை, திட்டத்தை வகுத்துக் கொடுத்து உடன் போனவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குழு

இருபது பேருக்குச் சற்று மேல். மதுரை, திருச்சிப் பக்கத்துக்காரர்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அவர்களுடைய துணைகள். பாட்டியோடு வந்த கல்லூரி மாணவர்களும் உண்டு. உள்ளூரில் மாதம் ஒருமுறை கோயில், கல்வெட்டு, சமணர் குகை என்று சுற்றிப் பழகிய நண்பர்கள் வட்டம் இது. அதனால் சிலையை நின்று பார்க்கும் பொறுமை இருந்தது. கூடவே மூட்டுவலியும் சர்க்கரையும் சைவச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தன. அவர்கள் கேட்டது இரண்டே: கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது, சொல்லிக் காட்ட விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

முதலாவதைக் கேட்பது எளிது, நிறைவேற்றுவது கடினம். மலிவு பேக்கேஜின் விலையில் ஒரு பங்கைக் கடைகள் தருகிற கமிஷன் தாங்கி நிற்கிறது. கடை வேண்டாம் என்றதும் அந்தப் பங்கு நம் தலையில் ஏறும். இதன் முற்றிய வடிவம்தான் 'பூஜ்ய டாலர் டூர்'. சுற்றுலாப் பயணியிடம் அடக்க விலைக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு, அவரைக் கடை கடையாக ஏற்றி இறக்கி ஈடுகட்டுவது. சீனப் பயணிகளை வைத்து நடந்த இந்தத் தொழில்மீது தாய்லாந்து அரசு 2016-இல் கடும் நடவடிக்கை எடுத்தது. அதே கணக்கின் சாதுவான வடிவங்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்களுக்கு விலைப்புள்ளி கொடுத்த அங்குள்ள ஏஜென்ட்களில் ஒருவர், கடை நிறுத்தம் இல்லாவிட்டால் இந்த விலைக்கு வழிகாட்டியே தர முடியாது என்று நேராகவே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, விலையைக் கூட்டித்தான் ஒப்பந்தம் போட்டோம்.

இரண்டாவது கோரிக்கையில் சட்டம் குறுக்கே வந்தது. தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 1979-இல் வெளிநாட்டவருக்கு விலக்கப்பட்ட தொழில்களின் பட்டியல் வந்தபோதே இது அதில் இருந்தது. உரிமம், அடையாள அட்டை போன்றவற்றை 2008-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில், வழிகாட்டிச் சட்டம் வகுக்கிறது. ஆக, தமிழ்நாட்டிலிருந்து ஒரு வரலாற்றுப் பேராசிரியரைக் கூட்டிப்போய், கோயில் முற்றத்தில் நிறுத்தி விளக்கச் சொல்வது சட்டப்படி சிக்கல். தமிழ் தெரிந்த உரிமம் பெற்ற வழிகாட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் பேசும், வரலாறு படித்த, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு தாய்லாந்துப் பெண்மணி கிடைத்தார். பயணம் முழுக்க அவர் ஒருவரே வர வேண்டும், ஊருக்கு ஊர் ஆள் மாறக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். செலவில் அதிகம் கைகடித்த இனங்களில் இதுவும் ஒன்று. பலன் தந்ததில் முதல் இடம் இதற்குத்தான்.

சுகோதாய்

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானம் விடிகாலையில் பாங்காக்கில் இறக்கிவிடும். ஊருக்குள் போகாமல் அங்கிருந்தே சுகோதாய்க்கு உள்நாட்டு விமானம் பிடித்தோம். இந்த ஏற்பாட்டைக் குழுவில் பாதிப் பேர் அன்று முழுக்கத் திட்டினார்கள். தூக்கமில்லாத இரவு, விமான நிலையத்தில் காத்திருப்பு, மறுபடி ஒரு செக்-இன். சாயங்காலம் பழைய நகரத்தில் நுழைந்தபோது ஒரு பெரியவர், "இடிஞ்ச கோயிலைப் பாக்கவாய்யா ரெண்டு பிளேன் ஏறி வந்தோம்?" என்று கேட்டேவிட்டார்.

அடுத்த நாள் அவரே மாறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சுகோதாய் அரசின் தலைநகரம் இது. சி சச்சனாலை, காம்பேங் பேட் ஆகிய சகோதர நகரங்களோடு சேர்த்து 1991-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. கூட்டம் குறைவு, குளங்கள் அதிகம், நிலம் சமதளம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் அதில் ஏறியதோடு அவர்களுடைய முணுமுணுப்பு நின்றது.

ராம்காம்ஹேங் அரசரின் பெயரால் நிற்கும் அருங்காட்சியகத்தில் அவருடைய புகழ்பெற்ற கல்வெட்டின் பிரதி ஒன்று இருக்கிறது. 1292 என்று காலம் குறிக்கப்படும் மூலக்கல் இருப்பது பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில். 1833-இல் அதைக் கண்டெடுத்தவர் பின்னாளில் அரசரான மோங்குட். அவரே செய்வித்ததோ என்ற சந்தேகத்தில், அது உண்மையில் அந்தக் காலத்ததுதானா என்று அறிஞர்களிடையே நீண்ட சண்டை நடந்திருக்கிறது. 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியும்விட்டது. 'நீரில் மீன் உண்டு, வயலில் நெல் உண்டு' என்ற அதன் வரி தாய்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எங்கள் ஆட்களை நிறுத்தியது வேறொரு செய்தி. குறை உள்ளவன் எவனும் வந்து அடிக்கலாம் என்று அரண்மனை வாயிலில் மணி ஒன்று தொங்கவிடப்பட்டிருந்ததாம். வழிகாட்டி வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் மனுநீதிச் சோழனைக் கூப்பிட்டன. பசுவும் கன்றும் தேர்க்காலும் சொல்லப்பட்டன. வழிகாட்டி அந்தக் கதையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து வகுப்பு எடுக்கிறவர், கேட்கிறவர் என்ற பிரிவு கரையத் தொடங்கியது.

வாட் மகாதாத்தான் ஊரின் நடு. தாமரை மொட்டு வடிவ உச்சி கொண்ட 'சேதி' என்னும் தூபி, அதன் முன்னே தூண்கள் மட்டும் நிற்கும் பெரிய விகாரை, அதில் ஒரு வெற்றுப் பீடம். வழிகாட்டி எங்களை அந்தப் பீடத்தின் முன்னே நிறுத்தினார். இங்கிருந்த ஸ்ரீ சாக்கியமுனி என்னும் வெண்கல புத்தர் இப்போது பாங்காக்கில், வாட் சுதாத்தில் இருக்கிறார்; 1808 வாக்கில், பாங்காக்கைத் தலைநகராக்கிய அரசர் முதலாம் ராமா அதை ஆற்றில் மிதவை வழியாக இறக்கிக்கொண்டு போனார்; கடைசி நாள் நீங்கள் பார்ப்பீர்கள் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். நல்ல வழிகாட்டிக்கு எதை இப்போது சொல்லக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது.

வடக்கே வாட் சி சும்மில் கூரையில்லாத சதுரக் கட்டடம். குறுகலான உயர்ந்த வாயில் வழியாகத் தூரத்திலிருந்தே முகம் தெரிகிறது. உள்ளே போனால் பதினைந்து மீட்டர் உயரம் அமர்ந்திருக்கிறார் ஃப்ரா அச்சனா என்னும் புத்தர். நீண்டு இறங்கும் விரல்கள் பக்தர் ஒட்டிய தங்கத் தாளில் மினுங்குகின்றன. சுவருக்குள்ளே படிக்கட்டுப் பாதை உண்டு. அரசர்கள் அங்கே மறைந்து நின்று புத்தர் பேசுவதுபோல் படைகளிடம் பேசினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தப் பாதை இப்போது பூட்டியிருக்கிறது.

இங்கே குழு கற்றுக்கொண்டது ஒரு முகத்தை. முட்டை வடிவம், வளைந்து மூக்கோடு வந்து சேரும் புருவம், கூர்ந்து இறங்கும் மூக்கு, தலை உச்சியில் தீக்கொழுந்து. நடக்கும் புத்தரைத் தனிச் சிலையாக வடித்துப் புகழ் சேர்த்ததும் சுகோதாய்ச் சிற்பிகள்தாம். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பென்சிலால் திரும்பத் திரும்ப வரைந்தார். அது பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பாங்காக்கின் வாட் போ கோயிலுக்கு வரும்போது சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான பேக்கேஜில் இரு வேளையும் இந்திய உணவகத்தில் பஃபே. சுகோதாயில் அதை நம்ப முடியாது. 'ஜே' என்ற சீன-பௌத்த சைவ முறை தாய்லாந்தெங்கும் தெரிந்த ஒன்று. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடையில் மீன், முட்டை, பால் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. வெறுமனே 'வெஜிடேரியன்' என்று கேட்டால் மீன் சாறு ஊற்றிய தட்டு வரும் வாய்ப்பு நிறைய. இரவுச் சந்தையில் பப்பாளிச் சாலட் இடிக்கும் பெண்ணிடம் எங்கள் வழிகாட்டி நின்று, மீன் சாறும் உலர்ந்த இறாலும் போடாமல், உப்பும் எலுமிச்சையும் வேர்க்கடலையும் மட்டும் போட்டு இடிக்கச் சொன்னார். பழைய மீன் சாறு ஒட்டியிருக்கும் என்று அந்தப் பெண்ணே மண் உரலைக் கழுவிவிட்டு இடித்தார். அன்றைக்குப் பிறகு ஊறுகாய் பாட்டில்கள் பையிலேயே கிடந்தன.

வழியில் ஒரு சிலை, ஓர் அழிந்த நகரம்

சுகோதாயிலிருந்து பிட்சானுலோக் ஒரு மணி நேரச் சாலை. அங்கே வாட் யாய் என்று ஊரார் சொல்லும் கோயிலில் இருக்கும் புத்த சின்னராட், அந்நாட்டில் அதிகம் போற்றப்படும் சிலைகளில் ஒன்று. ஐந்தாம் ராமா தாம் கட்டிய சலவைக்கல் கோயிலுக்கு இதைக் கொண்டுபோக விரும்பினார். ஊர் மக்கள் வருந்தியதால் மூலத்தை விட்டுவிட்டு, அச்சு எடுத்து ஒரு பிரதியை வார்த்துக்கொண்டு போனார். நம் ஊர் பேக்கேஜ் டூர் இருபது நிமிடம் காட்டும் சலவைக்கல் கோயிலின் மூலவர் அந்தப் பிரதிதான். பிட்சானுலோக்கில் மூலத்தைப் பார்த்துவிட்டவர்களுக்கு அந்த அரை நாள் டூரின் ஒரு பாதி அப்போதே அர்த்தமாகிவிட்டது.

அங்கிருந்து வடக்குப் பாதை ரயிலில் அயுத்தயா. 1350-இல் நிறுவப்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்து, 1767 ஏப்ரலில் பர்மியப் படைகளால் எரிக்கப்பட்ட நகரம். சாவ் பிரயா, பாசாக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் சுற்றிவர நடுவே தீவாகக் கிடக்கிறது. வாட் மகாதாத்தில் மர வேர்களுக்கிடையே சிக்கிய புத்தர் தலையைப் படம் எடுக்க வரிசை நிற்கிறது. அந்தத் தலைக்கு மேலாக நம் தலை இருக்கக் கூடாது, குந்தி உட்கார்ந்துதான் படம் எடுக்க வேண்டும் என்று காவலர் சைகை காட்டுகிறார். முழங்கால் வலிக்காரர்கள் படமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த வளாகத்தில் நெஞ்சை அறுப்பது அந்தப் புகழ்பெற்ற தலை அல்ல; வரிசையாக உட்கார்ந்திருக்கும் தலையில்லாத உடல்கள். போரில் போனவை சில, பின்னாளில் சிலை வியாபாரத்துக்காக அறுக்கப்பட்டவை சில.

வாட் ராட்சபுரணாவின் நிலவறையை 1957-இல் திருடர்கள் உடைத்தார்கள். மீட்கப்பட்ட பொன் ஆபரணங்கள், வாள், பொன்னில் செய்த சிறு யானை எல்லாம் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு நாள் பயணமாகப் பாங்காக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த அருங்காட்சியகத்தைத் தவறவிடுகிறார்கள். அயுத்தயாவில் வெயில் ஏறியபின் இடிபாடுகளுக்கிடையே அலைவதைவிட அங்கே இரண்டு மணி நேரம் உட்காருவது மேல்.

பயணத்தின் முதுகெலும்பான இடம் வாட் ஃப்ரா சி சன்பெட். மூன்று சேதிகள் வரிசையாக நிற்கும் அரண்மனைக் கோயில். இதில் பிக்குகள் தங்கியதில்லை. அரச வழிபாட்டுக்கு மட்டும். பதினாறு மீட்டர் உயரத்தில் நின்றிருந்த பொன் போர்த்திய புத்தரை 1767-இல் தீமூட்டிப் பொன்னை உருக்கி எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய கூட்டை முதலாம் ராமா பாங்காக்குக்கு எடுத்துப்போய், வாட் போவில் ஒரு சேதி எழுப்பி அதற்குள் வைத்தார். கோட்டைச் சுவருக்கு அயுத்தயாவின் செங்கற்களையே ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனார். ஆற்று வளைவை வாய்க்கால் வெட்டித் தீவாக்கினார். அரண்மனைக்குள் பிக்குகள் தங்காத கோயில் ஒன்றைக் கட்டினார். அதுதான் உலகமே பார்க்க வரும் மரகத புத்தர் கோயில். இதையெல்லாம் இங்கே நின்று கேட்டுவிட்டுப் பாங்காக்கில் நுழைந்தால், அது தொலைந்த நகரத்தை நினைவிலிருந்து திரும்பக் கட்டியது என்று தெரியும். வழக்கமான வரிசையில் வந்தால் மின்னும் அரண்மனையை முதலில் பார்த்து அயர்ந்துவிட்டு, பிறகு அயுத்தயாவில் செங்கல் குவியலைப் பார்த்து ஏமாறுவோம்.

பாங்காக்: சுவரில் மயில்ராவணன்

பெரிய அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கிறது. வெளியே "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று டுக்டுக்கில் ஏற்றி நகைக்கடையில் இறக்கும் ஆட்கள் திரிவது பழைய கதை. வழிகாட்டியோடு போனால் அந்தத் தொல்லை இல்லை.

66 சென்டிமீட்டர் உயர மரகத புத்தரைக் காணக் கூட்டத்தில் நெருக்கியடித்துப் போய் வந்தோம். சியாங் ராய், லாம்பாங், சியாங் மாய், லுவாங் பிரபாங், வியன்தியான் என்று ஊர் ஊராகக் குடியேறி, 1779-இல் போர்க்கொள்ளையாக, அப்போதைய தலைநகரான தோன்புரிக்கு வந்து, 1784-இல் இங்கே அமர்ந்த சிலை. பருவத்துக்கு ஒன்றாக மூன்று பொன்னாடைகள், மாற்றுபவர் அரசரே.

குழு அதிகம் நின்றது அங்கே இல்லை, சுற்றுத் திண்ணையில். திண்ணைச் சுவரெங்கும் ராமகியன் என்னும் தாய்லாந்து ராமாயணத்தின் ஓவியங்கள், 178 காட்சிகள். வடக்கு வாயிலருகே கதை தொடங்குகிறது. ஏர் உழும்போது சனகர் குழந்தையைக் கண்டெடுக்கிறார். வழிகாட்டி, "இந்தக் குழந்தை யாருடைய மகள் தெரியுமா? தோசகனுடைய மகள்" என்றார். தோசகன் என்றால் பத்துத் தலை இராவணன். சீதை இராவணனின் மகளா என்று முகம் சுளித்தவர்களிடம் நண்பர் ஒருவர், நம் பக்கத்து நாட்டுப்புறக் கதைகளிலும் சமண மரபிலும் இந்தச் சேதி உண்டு என்று சமாதானம் செய்தார்.

பெரிய கலவரம் சேது கட்டும் காட்சியில் வந்தது. இரவோடு இரவாகக் கற்களைத் திருடிப் போகும் மீன்களைத் துரத்திக் கடலுக்குள் பாயும் அனுமார், மீன் வால் கொண்ட ஓர் அழகியின் கையைப் பிடித்திருக்கிறார். அவள் தோசகனின் மகள் சுவன்னமச்சா. காதல், கல்யாணம், எல்லாம் நடக்கிறது.

தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் கொதித்துப்போனார். "என்ன அநியாயம் இது! அனுமார் பிரம்மச்சாரி இல்லையா?"

வழிகாட்டிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "எங்கள் ஹனுமானுக்குக் காதலிகள் நிறைய அம்மா. ஒரு மகனும் உண்டு. குரங்கு உடம்பு, மீன் வால். பாதாளத்தில் ராமனைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தபோது, அந்த வாசலில் அப்பனையே தடுத்து நின்றான்" என்றார்.

அம்மா ஒரு கணம் பேசவில்லை. அவருக்கு முன்னாலேயே அவருடைய கணவர் சொல்லிவிட்டார்: "டீச்சர், இது மயில்ராவணன் கதைல்ல! மச்சவல்லபன்!" கடல் தாண்டும்போது அனுமாரின் வியர்வைத் துளியை விழுங்கிய மீனுக்குப் பிறந்த பிள்ளை, பாதாள இலங்கையின் காவல்காரன், தகப்பனோடு சண்டை. கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் அவர்கள் சிறு வயதில் கேட்டதுதான். வியர்வை அங்கே கல்யாணமாகியிருந்தது, அவ்வளவுதான். ராமகியனில் மயில்ராவணனும் உண்டு, மையராப் என்ற பெயரில். வழிகாட்டி அந்தச் சுவர்ப் பகுதிக்குக் கூட்டிப்போக, மனைவியைப் பள்ளிக்கூடப் பழக்கத்தில் 'டீச்சர்' என்றே கூப்பிடும் அந்த மனிதர் நின்ற இடத்தில் முழுக் கதையையும் தமிழில் சொல்லி முடித்தார். சட்டம் இதைத் தடுக்குமா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். வழிகாட்டியோ கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைய அட்டவணை ஒரு மணி நேரம் சரிந்தது. சரியட்டும் என்று விட்டுவிட்டோம்.

ராமகியனின் விரிவான வடிவத்தை முதலாம் ராமா 1797-இல் இயற்றுவித்தார். முகமூடி அணிந்து அதை ஆடும் 'கோன்' நாடகம் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுவரைப் பார்த்த பிறகு கோன் பார்த்தால் யார் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பச்சை முகம் தோசகன், வெள்ளைக் குரங்கு அனுமார்.

வாட் போவில் 46 மீட்டர் சயன புத்தரைப் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே போகும் வழக்கம். பிக்குகள் கூடிச் சடங்கு செய்யும் உபோசத மண்டபத்தைச் சுற்றிய திண்ணைகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் புத்தர்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கைவிடப்பட்ட வடக்கு நகரங்களிலிருந்து முதலாம் ராமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகளைத் திரட்டிவந்தார். அவற்றில் பலவற்றுக்கு இந்தத் திண்ணைகள்தாம் இடம். வழிகாட்டி இதைச் சொல்லாமல் எங்களை நடக்கவிட்டார். ஓவிய ஆசிரியர் ஒரு சிலையின் முன் நின்று, பையிலிருந்து பென்சில் படத்தை எடுத்து நீட்டி, "இது சுகோதாய் ஆளு. பக்கத்துல இருக்கிறது வேற" என்றார். அவர் சொன்னது சரி. மற்றவர்களும் தேட ஆரம்பித்தார்கள். சிலவற்றில் தடுமாறினார்கள், பலவற்றைச் சரியாகச் சொன்னார்கள். திட்டத்தைத் திருப்பியதற்குச் சான்று என்று எதையாவது காட்டச் சொன்னால் இந்த அரை மணி நேரத்தைத்தான் காட்டுவேன்.

அதன் பிறகு அந்த வழக்கமான அரை நாள் டூரையும் செய்தோம், கடை இல்லாமல். தங்க புத்தர் ஐந்தரை டன் எடை. பல காலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்து, 1955-இல் இடம் மாற்றும்போது விழுந்து பூச்சு விரிசல் கண்டபோதுதான் உள்ளே பொன் என்று தெரிந்தது. வழிகாட்டி கதையைத் தொடங்கும் முன்னரே தலை உச்சித் தீக்கொழுந்தைப் பார்த்து "சுகோதாய்" என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

வாட் சுதாத்தில் ஸ்ரீ சாக்கியமுனியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரே சிவப்பு நிறத்தில் பெரிய ஊஞ்சல். அதன் பக்கத்தில் அரசவைப் பிராமணர்களின் 'தேவஸ்தானம்' என்ற கோயில், 1784-இல் எழுந்தது. ஊஞ்சல் ஆடும் சடங்கை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது நிற்பது 2007-இல் தேக்கால் புதுப்பித்தது. மார்கழி, தை வாக்கில் நடக்கும் திரியம்பவாய்-திரிபவாய் விழா மட்டும் தொடர்கிறது. அதில் ஓதப்படுபவை திருவெம்பாவை, தேவாரப் பாடல்களின் உருமாறிய வடிவங்கள், கிரந்த எழுத்தில் காத்துவரப்பட்டவை. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுப் போக வேண்டும். உள்ளே சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னதிகள். எங்கள் குழு அங்கே 'ஆதியும் அந்தமும் இல்லா' பாடியது. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் ஒரு மாலை போனோம். கும்பிட வந்தவர்களில் தாய்க்காரர்களே அதிகம், சாமந்தி மாலை மணம், படம் எடுக்கத் தடை.

சரிவராதவையும் செலவும்

முதல் நாள் அலைச்சல் வயதானவர்களுக்கு அதிகம்தான். பாங்காக் விமான நிலையத்துக்கு அருகில் ஓர் இரவு தங்கவைத்து மறுநாள் வடக்கே போவது நல்லது. ஓர் அறை வாடகை கூடும், பரவாயில்லை. தெற்கே தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனி நாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்வது, கல்வெட்டு ஆர்வலர்களின் ஆசைப் பட்டியலில் இருந்தது. அந்தப் பக்கத்தை இதே பயணத்தில் சேர்த்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். அது தனிப் பயணம்.

கடை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தும், பாங்காக்கில் வந்த வண்டிக்காரர் ஒருநாள் கழிவறைக்கு என்று சொல்லி ஒரு நகைக்கடை வாசலில் நிறுத்தினார். வழிகாட்டி இறங்கி அவரிடம் தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னார், வண்டி உடனே கிளம்பியது. என்ன சொன்னார் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை.

வாங்கும் ஆசை கடை இல்லாமலும் வரும். சந்தை ஒன்றில் ஒருவர் வெண்கல புத்தர் தலை ஒன்றைப் பேரம் பேசி முடித்திருந்தார். அயுத்தயாவின் உடல்களை அவருக்கு ஞாபகப்படுத்தியது அவருடைய பேத்தி. அதைத் தவிரச் சட்டமும் உண்டு: தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், கழுத்தில் அணியும் சிறு தாயத்துக்கு விலக்கு. விற்பவர் இதைச் சொல்வதில்லை. பயணத்துக்கு முன் கொடுக்கும் குறிப்பில் இது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தலைக்கு ஆன செலவு பட்டாயா பேக்கேஜைவிடக் கணிசமாக அதிகம். உள்நாட்டு விமானம், முழுப் பயணத்துக்கும் ஒரே வழிகாட்டி, கமிஷன் இல்லாத வண்டி, மூன்றும்தான் காரணம். ஹோட்டலில் நட்சத்திரத்தைக் குறைத்துக்கொண்டதால் ஓரளவு ஈடானது. சுகோதாயில் பழைய நகரத்தை ஒட்டிய சிறு விடுதிகள் ஐந்து நட்சத்திரத்தைவிட இந்த வேலைக்குப் பொருத்தம். காலையில் கூட்டம் வரும் முன் நடந்தே போய்விடலாம்.

இதே வழியில் போக நினைக்கும் குழுக்கள் முதலில் பேசி முடிக்க வேண்டியது வழிகாட்டியைத்தான், ஹோட்டலை அல்ல. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல வழிகாட்டிகளின் நாள்காட்டி முன்பே நிறைந்துவிடும். அவர் கிடைக்கும் தேதியை வைத்துக்கொண்டு விமான டிக்கெட் எடுப்பதே சரி. பிட்சானுலோக்கில் மதியம் இறங்கி மாலை ரயிலைப் பிடிப்பது அவசரம் என்று எங்கள் குழுவில் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த குழுவுக்கு அங்கே ஓர் இரவு வைத்திருக்கிறோம்.